வாட்டம் தப்பிய கொல்லைத் தளம்

கொத்தனார் செய்த வேலை கெட்டுப்போனால் நம் வீடுகளில் வழக்கமாக இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. வாசலில் நிறுத்தி வைத்துத் தெருவே கேட்கும்படி சத்தம் போடுகிறோம். அவர் அதோடு வருவதை நிறுத்திவிடுகிறார். அல்லது, போனது போகட்டும் என்று வேறொருவரைக் கூப்பிட்டு அதே வேலைக்கு மறுபடியும் பணம் கொடுக்கிறோம். கெடுத்தவரை வைத்தே அதைச் சரிசெய்ய வைக்க முடியும் என்று யாரும் நம்புவதில்லை. முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது இது.

கொல்லை என்றால் அடுக்களைச் சுவரிலிருந்து பின்பக்கச் சாக்கடை வரை இருபது அடி நீளம், முப்பது அடி அகலம். அம்மாவின் பகல்பொழுது முழுவதும் அங்கேதான். துணி துவைப்பது, வற்றல் காயவைப்பது, மாலையில் நாற்காலி போட்டு உட்காருவது எல்லாம் அந்த இடத்தில்தான். பழைய செங்கல் தளம் பெயர்ந்து போயிருந்ததால் பேவர் கல் பதிக்கலாம் என்று முடிவுசெய்தோம். மேஸ்திரியை எங்களுக்கு அறிமுகப்படுத்தியது கடைத்தெருவில் சிமெண்ட், கம்பி விற்கும் கடைக்காரர். கல், மணல், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 95 ரூபாய், மொத்தம் 57,000 என்று பேசினோம். முன்பணம் 20,000, கல் வந்து இறங்கியதும் 25,000, வேலை முடிந்த பிறகு மீதி. ஆவணியில் வேலை நடந்தது. பார்வைக்கு மிக நன்றாக இருந்தது. கடைசித் தவணையை மழைக்குப் பிறகு தருகிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அவரும் சரி என்றிருந்தார்.

ஐப்பசி மழையில் எல்லாம் தெரிந்துவிட்டது. சாக்கடைப் பக்கம் ஓட வேண்டிய தண்ணீர் அடுக்களைச் சுவரை நோக்கி வந்து நின்றது. மழை விட்ட மறுநாளும் சுவரடியில் விரற்கடை ஆழத்துக்குத் தேக்கம். கிணற்றடிப் பக்கம் ஒரு கல்லை மிதித்தால் அடுத்த கல் எழுந்தது. இடுக்கிலிருந்து கலங்கிய தண்ணீரும் மணலும் பீய்ச்சிக்கொண்டு வந்தன. சில வாரங்களில் கல்லின்மேல் பாசி படர்ந்தது. அடுக்களைக்குள் மேடைக்குக் கீழே சுவரில் ஓதம் ஏறி, வெள்ளை உப்பு பூத்துச் சுண்ணாம்பு உரிய ஆரம்பித்தது. அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பாசியில் கால் வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. அது அழகு பற்றிய குறை அல்ல. வீட்டில் இருப்பவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கக்கூடிய குறை.

திறந்த தளத்துக்கு வாட்டம்தான் உயிர். பத்தடிக்கு ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை சரிவு வேண்டும் என்பது கொத்தனார்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் இருபது அடிக்கு மூன்று அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதை வைத்துச் சண்டை போட்டால் அவர் கண்ணுக்கு வேறொன்று தெரியும். அளவு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதல் முறை தொலைபேசியில் பேசியபோது மேஸ்திரி, புது மண் ஒரு மழைக்கு அமுங்கத்தான் செய்யும் அம்மா, கவலைப்படாதீர்கள் என்றார். இரண்டாம் முறை, ஆள் அனுப்பி இடுக்குகளில் சிமெண்ட் பால் ஊற்றிவிடுகிறேன், கல் ஆடாது என்றார். இதைக் கேட்டதும் பலர் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். ஒப்புக்கொள்ளக் கூடாது. பேவர் கல் மணல் படுக்கையில் உட்கார்ந்து, இடுக்கு மணலால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது. சிமெண்ட் பால் ஊற்றினால் சில மாதங்களுக்கு மேலே இறுகிக் கிடக்கும். அடியில் படுக்கை கெட்டிருந்தால் அது அப்படியேதான் இருக்கும். பிறகு சிமெண்ட் வெடித்து, கல்லைப் பெயர்த்தால் உடைந்துதான் வரும். வாட்டமோ இம்மியும் மாறாது. சிமெண்ட் பால் வேண்டாம், வந்து பாருங்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

அந்த வாரங்களில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அண்ணன், வக்கீல் நோட்டீஸ் அனுப்பு என்றார். சித்தப்பா, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு கொடு, தானாக வருவான் என்றார். வேலை சரியில்லை என்பது உரிமையியல் தகராறு; ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கினார் என்று காட்ட முடியாத இடத்தில் போலீசுக்குப் போவது மிரட்டல்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த இன்னொரு கொத்தனார் உடனே பெயர்த்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அதையும் மறுத்தேன். வேறு ஆள் கை வைத்த மறுநிமிடமே முதல் ஆளின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. இதை நான் விட்டபோது நன்றாக இருந்தது, கெடுத்தது அவர் என்று சொல்லிவிடலாம். அதுவரை குறைக்குச் சாட்சியாக இருந்த தளமும் போய்விடும்.

மேஸ்திரிகள் ஏன் காணாமல் போகிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் நினைப்பதுபோல் எல்லோரும் ஏமாற்றிவிட்டு ஓடுவதில்லை. நாம் கொடுக்கும் முன்பணத்தில் ஒரு பகுதி முந்தைய வேலையின் கூலிப் பாக்கிக்குப் போய்விடுகிறது. அந்த வேலையை முடிக்க அடுத்த வேலையின் முன்பணம் வேண்டியிருக்கிறது. கையில் கொஞ்சமும் மிச்சம் இல்லாமல் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு ஓடுகிறார்கள். இதில் திரும்பி வந்து பழைய வேலையைச் சரிசெய்வது என்றால் சித்தாளுக்கும் பெரியாளுக்கும் தன் கைப்பணத்திலிருந்து கூலி கொடுக்க வேண்டும். அந்தப் பணம் அவரிடம் இல்லை. அதனால்தான் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பேவர் கல் வேலையில் இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும் மேஸ்திரி தானே பதிப்பதில்லை; சதுர அடிக் கூலிக்கு ஒரு பதிப்புக் குழுவிடம் விடுகிறார். எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு அவர்களுக்கு லாபம். அடியில் என்ன போட்டார்கள் என்பதை நம் மேஸ்திரியே பார்த்திருக்க மாட்டார். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

இது அவர் பொறுப்பைக் குறைக்கவில்லை. பணம் வாங்கியவர் அவர். ஆனால் அவரை எங்கே பிடித்தால் திரும்பி வருவார் என்பதை யோசிக்க இது எனக்கு உதவியது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துக்கொண்டேன். வழக்குப் போடுவதற்காக அல்ல. பேசும்போது என் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாடு இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்பதை உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே தெளிவாக்கிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். எங்களுக்கு அது தஞ்சாவூர். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையமும் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். இத்தனை வேலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தமாகக் கொடுத்தால்தான் இது எளிதாகப் பொருந்தும். தினக்கூலிக்கு ஆள் வைத்து, நாமே பக்கத்தில் நின்று இதைச் செய் அதைச் செய் என்று வேலை வாங்கியிருந்தால் அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. அந்த வகையைச் சட்டம் வெளியே நிறுத்தியிருக்கிறது. எங்களுடையது சதுர அடி ஒப்பந்தம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கணக்கும், பணம் அனுப்பிய பதிவும் இருந்தன. அளவு நாடாவைத் தேக்கத்தில் நிறுத்தி, தேதியோடு படங்கள் எடுத்து வைத்தேன்.

ஆணையத்துக்குப் போவதற்கு முன் இன்னொரு கதவும் இருக்கிறது. நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், வழக்குப் பதிவாகும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். செலவில்லை. அங்கே எட்டும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. இது நம் மக்களுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய்த் தகராறுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இவற்றையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு நான் போனது சிமெண்ட் கடைக்கு.

மேஸ்திரிக்கு அந்தக் கடையில் கடன் கணக்கு இருக்கிறது. புதிதாக வீடு கட்டுபவர்கள் அங்கேதான் ஆள் கேட்கிறார்கள். கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை வரும். சொல்லாமல் விட்டால் வராது. நீதிமன்ற சம்மனைவிட அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருப்பவரின் முகம் அவருக்கு முக்கியம். கடைக்காரரிடம் நான் மேஸ்திரியைக் குறை சொல்லவில்லை. படங்களைக் காட்டினேன். நீங்கள் கொடுத்த கல்லில் எந்தக் குறையும் இல்லை, படுக்கையில்தான் சந்தேகம், நீங்களும் வந்தால் மூன்று பேரும் சேர்ந்தே பார்த்துவிடலாம், ஒரு டியூப் லெவலும் கொண்டு வாருங்கள் என்றேன். கல்லைப் பற்றிச் சொன்னது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையே மேஸ்திரியை அழைத்துக்கொண்டு வந்தார்.

டியூப் லெவல் என்பது தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு தப்பும். மேஸ்திரியே குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றினார். ஒரு முனையை அவரே பிடித்தார், மறு முனையைக் கடைக்காரர் பிடித்தார். அடுக்களைச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. அதே மட்டத்தில் வெவ்வேறு இடங்களில் கம்பை நிறுத்திக் குறி போட்டு, குறியிலிருந்து தரை வரை நாடா பிடித்தார். சுவரடியில் 40 அங்குலம். எட்டடி தள்ளி 39¼. சாக்கடை ஓரத்தில் 41. அதாவது நடுவில் தரை மேடேறி, அங்கிருந்து ஒரு பக்கம் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. சாக்கடை ஓரத்தில் குறைந்தது 43 வந்திருக்க வேண்டும். நான் எதுவும் சொல்லவில்லை. மேஸ்திரி நாடாவை மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தார். பையன்கள் மட்டம் பார்க்கும் கயிறு கட்டவே இல்லை போலிருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்தோடு தகராறில் பாதி முடிந்தது.

மீதிப் பாதி அடியில் இருந்தது. கிணற்றடியில் ஆடிய கற்களைக் கடப்பாறை முனையால் நெம்பி எடுத்தோம். மணல் படுக்கை ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். அங்கே நாலு அங்குலம் இருந்தது. அடியில் இருந்த பள்ளத்தை ஜல்லி போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தாமல் மணலைக் கொட்டி நிரவியிருந்தார்கள். அதற்கும் கீழே பழைய செங்கல் தளத்தின் இடிசல், அதன் கீழ் நம் காவிரிக் களிமண். தண்ணீர் குடித்தால் உப்பிப் பெருகும், வெயிலில் வெடித்துப் பிளக்கும். சாக்கடைப் பக்க ஓரத்தில் கற்களைப் பிடித்து நிறுத்த கான்கிரீட் ஓரக்கட்டும் இல்லை. ஒவ்வொரு மழையிலும் மணல் அந்த வழியாகக் கரைந்து போயிருக்கிறது. கடைக்காரர் குனிந்து ஒரு பிடி மணலை எடுத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம், இதை நீ மேலே சிமெண்ட் ஊற்றிச் சரிசெய்கிறேன் என்றாயா என்று மட்டும் கேட்டார்.

அம்மா அதற்குள் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். தம்பி, எனக்குப் பணம் திரும்ப வேண்டாம், வழுக்காமல் நடந்தால் போதும் என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்ததைவிட அது மேஸ்திரியை அதிகம் அசைத்தது. எனக்கும் அதுதான் கோரிக்கை. பணத்தைத் திரும்பக் கேட்டால் இல்லாத பணத்தைக் கேட்கிறோம். வேலையைக் கேட்டால் அவரிடம் இருப்பதைக் கேட்கிறோம்.

பிறகு யார் எதை ஏற்பது என்று பேசினோம். இதில் நேர்மை இரண்டு பக்கமும் வேண்டும். வாட்டமும் படுக்கையும் ஒப்பந்தத்துக்குள் வருபவை. எவரும் தனியாகச் சொல்லிக் கேட்கத் தேவையில்லாதவை. ஆகவே பெயர்த்து மறுபடி பதிக்கும் கூலி, ஜல்லி கலந்த கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது வரும் பொடி), அதை இடிக்கும் இயந்திரத்தின் வாடகை எல்லாம் அவருடையது. ஓரக்கட்டு அவர் கொடுத்த கணக்கில் இல்லை. அதற்கான பொருள் செலவு 4,500 ரூபாயை நான் ஏற்றேன். உடையும் கற்களுக்கு மாற்றுக் கல்லைக் கடைக்காரர் அடக்க விலைக்குத் தருவதாகச் சொன்னார். நான் பிடித்து வைத்திருந்த 12,000 ரூபாயில் பாதியை, கல் போடும் முன் படுக்கையை டியூப் லெவல் வைத்துப் பார்த்த அன்றே கொடுப்பது என்றும், மறுபாதியைத் தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகு கொடுப்பது என்றும் முடிவாயிற்று. முதல் பாதியை நடுவிலேயே கொடுக்கச் சம்மதித்தது அவருடைய கூலி நெருக்கடிக்காக. எல்லாவற்றையும் முடிந்த பிறகு கொடுப்பேன் என்று நான் பிடிவாதமாக நின்றிருந்தால் அவர் ஆள் கூட்டிக்கொண்டு வந்திருக்கவே முடியாது. இதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, சாக்கடை ஓரத்தில் 43 அங்குலம் என்ற அளவையும் சேர்த்து, மூவரும் கையெழுத்திட்டோம்.

எப்போது செய்வது என்பதையும் அவரிடமே விட்டேன். மார்கழி என்றார். மார்கழியில் யாரும் மனை முகூர்த்தம் செய்வதில்லை, புது வேலை தொடங்காது, ஆட்கள் சும்மா இருப்பார்கள், மழையும் அடங்கியிருக்கும். தொழில் தெரிந்தவர் சொன்ன கணக்கு அது. நான் தேதி குறித்திருந்தால் கார்த்திகைச் சேற்றில்தான் குறித்திருப்பேன்.

மார்கழியில் சொன்னபடி வந்தார். இம்முறை பதிப்புக் குழு இல்லை, அவரே உட்கார்ந்தார். கற்களைப் பெயர்த்துக் கிணற்றடியில் அடுக்கி, மணலை அள்ளிச் சலித்து ஒதுக்கினார்கள். இடிசலை வாரிக் கொட்டிவிட்டு, கிரஷர் தூளும் ஜல்லியும் இரண்டு அடுக்காக நிரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இயந்திரத்தால் இடித்தார்கள். முதலில் ஓரக்கட்டு எழுந்தது. சுவரிலிருந்து ஓரக்கட்டு வரை நைலான் கயிறுகளை இழுத்துக் கட்டினார். இரண்டு இரும்புக் குழாய்களைக் கயிற்றுக்குச் சரியாக மணலில் படுக்க வைத்து, அவற்றின்மேல் மட்டப்பலகையை இழுத்தபோது ஒன்றரை அங்குல மணல் பாய் விரித்ததுபோல் வந்தது. குழாயை உருவிய பள்ளத்தைக் கரண்டியால் நிரப்பிவிட்டு, அந்த மணலில் யாரையும் கால் வைக்க விடவில்லை. பதித்த கல்லின்மேலேயே உட்கார்ந்து முன்னோக்கி நகர்ந்தார். கல் விழும் சத்தத்தைக் கேட்டே, சரியாக உட்காராத கல்லைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்தார். இத்தனை நுட்பமாக வேலை தெரிந்த ஒருவர் அதை ஆவணியில் வேறு கைகளிடம் விட்டார் என்பது இன்றுவரை எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சதுர அடிக் கூலி அவரை அந்த இடத்துக்குத் தள்ளியிருக்கிறது.

படுக்கை முடிந்த அன்று டியூப் லெவல் பிடித்துப் பார்த்து 6,000 ரூபாய் கொடுத்தேன். கல் பதித்து, பொடி மணலைத் துடைப்பத்தால் இடுக்குகளுக்குள் தள்ளி, இயந்திரம் ஓட்டி, மறுபடி மணல் தள்ளிய பிறகு சுவரடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். மேற்கு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு நின்றது. அவராகவே அந்த இடத்தில் கற்களை எடுத்துப் படுக்கையைத் திருத்திப் போட்டார். அதற்குப் பிறகு மீதி 6,000 ரூபாயையும் கொடுத்துவிட்டு, தாளின் அடியில் தீர்ந்தது என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். கிணற்றைச் சுற்றியுள்ள பழைய நிரப்பு மண் அடுத்த மழைக்குக் கொஞ்சம் இறங்கலாம், இறங்கினால் இடுக்கு மணல் மட்டும் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொன்னதையும் அதில் சேர்த்துக்கொண்டேன்.

அடுக்களைச் சுவரின் ஓதம் இன்னும் முழுதாகக் காயவில்லை. சித்திரை வெயில் பட்ட பிறகுதான் பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், இப்போது பூசினால் உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அந்த வேலையையும் அவரிடமே கேட்டிருக்கிறேன். கூலி இன்னும் பேசி முடியவில்லை.